எட்டாமிடத்துச் செவ்வாய்

1996 ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் கரண்ட் இல்லை. செக்கிங் டேபிளில் டியூப்லைட் எரியாமல் எந்தப் பனியன் பீஸையும் பார்க்க முடியாது. பதினொரு மணி வரைக்கும் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஜெய்புன்னிசா வாட்ச்மேனிடம் பேப்பர் வாங்கி வந்து வாசித்தாள். பதினோரு வருஷமாக எனக்கு எதிர் ஸ்டூலில் உட்காருகிறவள், எதை வாசித்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் வாசிப்பாள். செவ்வாய்க் கிரகத்திலிருந்து எந்தக் காலத்திலோ தெறித்து வந்து பனியில் விழுந்து கிடந்த ஒரு கல்லுக்குள், உயிர் இருந்த தடம் மாதிரி ஏதோ தெரிகிறதாம். அமெரிக்காவில் சொல்லியிருக்கிறார்கள்.

பேக்கிங்கில் இருக்கிற சின்னப் பெண் ஒருத்தி திரும்பி, "தெய்வாக்கா, உங்க ஊர்ல ஆளுக இருக்காங்களாமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

எனக்கு நானே எழுதுகிற நோட்டில் மறைக்க என்ன இருக்கிறது? என் ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். தாலி கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது. பதினெட்டு வயசிலிருந்து ஒன்பது வரன் வந்தது, ஒன்பதும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனது. இப்போது முப்பத்தேழு. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அனுப்பர்பாளையத்தில் பத்து வீட்டு லைனில் கடைசி வீட்டில் நான் ஒருத்தி.

இத்தனை வருஷமாக என்னை யாரோடும் சேரவிடாத கிரகத்தில் உயிர் இருந்ததாம்! இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கென்ன. ஆனாலும் சாயங்காலம் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அந்தப் பேப்பரை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி வந்து பெட்டியில் வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை விரதம். இருபது வருஷமாக மத்தியானம் வெறும் மோர்தான். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன், பயமாக இருக்கிறது. இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று பயம்? அதுவும் தெரியவில்லை.

இன்று மெக்கானிக் கந்தவேல் வந்த நாள். ஓவர்லாக் தையல் மெஷின்களைப் பழுது பார்க்க வாரம் ஒரு தரம் எங்கள் கம்பெனிக்கு வருவார். நாற்பத்தொன்று இருக்கும். மனைவி மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை, ஒரு அம்மா மட்டும். அறிவியல் இயக்கம் என்று ஏதோ ஒன்றில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுகிறாராம். சூப்பர்வைசருக்கும் அவருக்கும் வாக்குவாதம். செவ்வாயில் நிச்சயம் ஆள் உண்டு, தட்டு மாதிரி வண்டியில் வந்து போகிறார்கள் என்று சூப்பர்வைசர். ஒரு புழு கூடக் கிடையாது, காய்ந்த மண் என்று கந்தவேல்.

திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க? இருக்குதா, இல்லையா?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டவுட்டு தெய்வாவிடம் போய்க் கேட்கலாமா என்றார். அது எனக்கு இங்கே வைத்த பெயர். நல்ல பீஸ் வலப்பக்கம், கெட்டது இடப்பக்கம். சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் வலப்பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் சிவப்பு வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டி நடுவில் வைப்பேன், மறுநாள் ஜன்னல் வெயிலில் இன்னொரு தரம் பார்ப்பேன். அதனால் என் கட்டு எப்போதும் லேட். ஆனால் நான் பாஸ் பண்ணின பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கந்தவேல் சிரிக்கவில்லை. தெரியாது என்று சொல்கிற ஆளை இந்த ஊரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் வந்தது, பிடித்தேன். பேச ஆளில்லாததால் அந்தப் பேப்பரை மறுபடி வாசித்தேன்.

ஒருவேளை அங்கே யாராவது இருந்தால்? அவர்கள் வானத்தில் நாம் ஒரு புள்ளியாகத் தெரிவோம். அவர்களுக்கும் ஜோசியர்கள் இருந்தால், அவர்கள் கட்டத்தில் நாம் ஒரு கிரகம். அங்கே ஒருத்திக்கு எட்டாம் இடத்தில் பூமி இருந்தால்? "பூமி தோஷம், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் எழுந்து போவார்களா? அவள் வாரத்தில் ஒருநாள் பட்டினி கிடந்து, எங்கோ இருக்கிற நம்மைத் திட்டிக்கொண்டு இருப்பாளா? நான் அவளை ஒன்றுமே செய்யவில்லையே. இங்கே நான் பாட்டுக்குத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கந்தவேல் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்து காட்டினார். டீ டைமில் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, காற்று இல்லை, தண்ணீர் இல்லை, எதுவும் அங்கே பிழைக்க முடியாது என்று விளக்கினார். அப்படியானால் அந்தக் கல்லில் தெரிந்தது என்ன என்று கேட்டேன். அதெல்லாம் வேறு ஏதாவது படிமமாக இருக்கும் என்றார். போய்ப் பார்த்தார்களா என்று கேட்டேன். மெஷின் போய்ப் பார்த்தது, இல்லை என்றார்.

"எங்க டேபிள்ல ஓட்டை கண்ணுல படலைன்னா, ஓட்டை இல்லைன்னு நான் எழுதறதில்லீங்க. நான் பாக்கலைன்னுதான் அர்த்தம்" என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அது ஒரு விதத்தில் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அவர் போனபின் ஜெய்புன்னிசா, "ஏம்புள்ள, ரெண்டு பேருக்கும் பூமியில பேச ஒண்ணுமே கிடைக்கலையா?" என்றாள்.

அவளிடமே கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று. எத்தனை உலகம் படைத்திருக்கிறான் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும், நம்மிடம் லிஸ்ட் காட்ட வேண்டும் என்று அவனுக்கு என்ன தலையெழுத்தா என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு. தீபாவளி

பத்து வீட்டில் ஒன்பது பூட்டு. எல்லோரும் மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். கம்பெனிச் சத்தம் இல்லாத திருப்பூர் எனக்குப் பிடிப்பதில்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது. அண்ணன் தன் ஊர் கொமரலிங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அண்ணி இறந்தபின் அந்த வீட்டிலும் அண்ணன் ஒற்றை ஆள்தான், மகள் முத்தாத்தாளைச் சாமளாபுரத்துக்குக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருப்பார்கள். நான் போனால் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றிக் கேட்பார்கள். போகவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, யாரும் பார்க்காமலேயே மத்தியானம் அவிழ்த்து மடித்து வைத்தேன். யாராவது ஒருத்தர், நல்லா இருக்குது என்றோ நல்லா இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் வைத்துத்தான் கந்தவேல் கேட்டார். நூல் அறுவதைப் பார்க்க வாங்க என்று கூப்பிட்டார், போனேன். குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு வீட்டுக்குப் போனா பேச ஆளில்லீங்க. அம்மாவுக்குக் காது கேக்காது. உங்களுக்குச் சம்மதம்னா உங்க அண்ணன்கிட்ட வந்து கேக்கறேன்."

என் ஜாதகம் தெரியுமா என்றேன். தெரியும், கம்பெனிக்கே தெரியும் என்றார். கல்லுக்கும் மண்ணுக்கும் பயப்படுகிறவன் நான் இல்லை என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்று என் டேபிளில் எத்தனை பீஸ் பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். முதல் தடவையாக ஜெய்புன்னிசா என் கட்டை மறுபடி பார்த்தாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

அண்ணன் வந்தது. இரண்டு நல்ல செய்தியோடு வந்தேன் என்று பை நிறையத் தேங்காய். ஒன்று, முத்தாத்தாளுக்கு இது மூன்றாவது மாசம். இன்னொன்று, கந்தவேல் என் பதிலுக்குக் காத்திராமல் கொமரலிங்கத்துக்கே போய்ப் பார்த்துப் பேசிவிட்டார். அண்ணன் சாமியப்பன் பேசுகிறபோது எப்போதும் தரையைப் பார்க்கும், இன்று என் முகத்தைப் பார்த்துச் சரியா அம்மிணி என்று கேட்டது. சரி என்றேன்.

1997 ஜனவரி 7, செவ்வாய்

ஒன்றுமில்லை, அம்மாவின் திருப்திக்காக ஒரு ஜாதகம் மட்டும் வேண்டும் என்கிறார் கந்தவேல். அவருடையது தோஷம் இல்லாத சுத்த ஜாதகமாம். ஒரு மருமகளைப் பறிகொடுத்த பயம் அந்த அம்மாவுக்கு, இன்னொரு தரம் எதுவும் தாங்க மாட்டார்களாம். "எனக்கு இதுல நம்பிக்கை கெடையாதுங்க, உங்களுக்கே தெரியும். அம்மாவுக்காகத்தான்."

செவ்வாயில் ஒரு புழு கூட இல்லை என்று அடித்துச் சொன்ன ஆள். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

அண்ணன் வீட்டில். மாட்டுக்கு ஊட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே அண்ணன் ஒன்று சொன்னது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இப்போதுதான் தோன்றியது என்கிறது.

நான் பிறந்தபோது நாங்கள் திருப்பூரில் பஞ்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். ஆலையில் காலை ஆறுக்கு ஒரு சங்கு, எட்டுக்கு ஒரு சங்கு ஊதும். அப்பா நைட் ஷிப்டு. அன்று மாற்றி விடுகிற ஆள் வராததால் இரண்டு மணி நேரம் சேர்த்து நின்றுவிட்டு எட்டு மணிச் சங்கைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் உள்ளே குழந்தை. எப்போது என்று கேட்டதற்குச் சங்கு ஊதும்போது என்றிருக்கிறார்கள். அவர் காதில் இருந்தது எட்டு மணிச் சங்கு. அதையே ஜோசியரிடம் சொல்லிவிட்டார்.

"அது ஆறு மணிச் சங்கா இருந்திருந்தா அம்மிணி?" என்றது அண்ணன்.

இருந்திருந்தா? அட கெரகமே! இருந்திருந்தா!

ஜனவரி 26, ஞாயிறு

பழனாயியைப் பார்க்கப் போனோம். எனக்குத் தொப்புள்கொடி அறுத்தது அந்தக் கை. பழைய ஆலைக் குடியிருப்புக்குப் பின்னால் பேரன் வீட்டில் இருக்கிறார்கள். எண்பது இருக்கும், பேச்சு தெளிவு.

சங்கு ஊதும்போது பிறந்தேனா என்றால் ஆமாம் என்றார்கள். எந்தச் சங்கு?

"எந்தச் சங்குன்னு அன்னைக்கு யாரு சாமி கேட்டாங்க. சங்கு ஊதுச்சு, நீ வந்தே. உங்கம்மா போட்ட சத்தத்துல சங்கே பாதிதான் கேட்டுச்சு."

வெயில் வந்திருந்ததா என்று அண்ணன் கேட்டது. கதவு சாத்தியிருந்தது, விளக்கு எரிந்தது என்றார்கள். அப்படியானால் ஆறு மணிதானே என்றது அண்ணன். பிரசவ அறையில் எப்போதுமே கதவு சாத்தி விளக்கு எரியும் கண்ணு என்று சிரித்தார்கள். அண்ணன் விடாமல் நாலைந்து தரம் வேறு வேறு விதமாகக் கேட்டது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு எது வேண்டுமோ அதைச் சொல்கிறேன், எது வேண்டும் என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு என்ன கேட்பது? எழுந்து வந்துவிட்டோம்.

பிப்ரவரி 3, திங்கள்

அண்ணன் இரண்டு ஜாதகம் கணித்து வாங்கி வந்திருக்கிறது. எட்டு மணி என்றால் செவ்வாய் எட்டில். ஆறு மணி என்றால் ஒன்பதில், ஒரு தோஷமும் இல்லை. ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தால் எனக்கு இந்நேரம் கல்யாண வயசில் மகள் இருந்திருப்பாள். விரதமிருந்த செவ்வாய்க்கிழமைகளைக் கூட்டினால் மூன்று வருஷம் வரும். யாரைத் திட்டுவது? ரெண்டு மணி நேரம் சேத்து வேலை பாத்த அப்பாவையா? வராம போன அந்த ஆளையா?

அண்ணன் ஆறு மணியை மட்டும் கொடு, எட்டு மணியை அடுப்பில் போடு என்கிறது. பொய் ஒன்றும் இல்லையே, பாதி நிஜம்தானே என்கிறது.

இரண்டையும் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எந்தச் சங்கு என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி வலப்பக்கம் தள்ளி எனக்குப் பழக்கம் இல்லை. பழகியிருக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டையும் கொடுத்துவிட்டேன். நடந்ததைச் சொல்லி, இதில் ஒன்று என்னுடையது, எதுவென்று எனக்குத் தெரியாது என்றேன். கந்தவேல் இரண்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு உங்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். பாராட்டா என்று புரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மாவிடம் ஆறு மணியைக் காட்டினாராம். பொருத்தம் இருக்கிறதாம். வைகாசியில் முகூர்த்தம்.

இன்று மத்தியானம் ஜெய்புன்னிசாவின் டிபனில் பாதி சாப்பிட்டேன். இருபது வருஷத்தில் முதல் செவ்வாய்க்கிழமைச் சோறு. பயமாகத்தான் இருந்தது. ருசியாகவும் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

கந்தவேலின் இயக்கத்தார் ஸ்கூல் மைதானத்தில் சாயங்காலம் டெலஸ்கோப் வைத்திருந்தார்கள். நானும் ஜெய்புன்னிசாவும் போனோம். முதலில் நிலாவைக் காட்டினார்கள். அதில் இருக்கிற பள்ளங்களைப் பார்த்து ஜெய்புன்னிசா, நம் ஊர் ரோடு மாதிரி இருக்கிறது என்றாள். ஏழரை மணிக்குக் குழாயைக் கிழக்கே திருப்பினார்கள். இந்த மாசம் செவ்வாய் நமக்குக் கிட்டத்தில் வருகிறதாம்.

என் முறை வந்தது. குனிந்து கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஆடிக்கொண்டே வந்து நின்றது. கனகாம்பர நிறத்தில் சின்ன வட்டம், பட்டன் அளவு கூட இல்லை. ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு, அது பனி என்றார் கந்தவேல். அங்கும் பனி விழுகிறது. இத்தனை வருஷம் எனக்கு மேலே நின்றது இதுதானா? கோபம் வரும் என்று நினைத்துப் போயிருந்தேன். வரவில்லை. அதுவும் தனியாகத்தான் இருந்தது, சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல். பாவமாக இருந்தது.

"பாத்தீங்களா, இதுக்கா பயந்தோம்?" என்று காதருகே சொன்னார். பயந்தோம் என்றார். பயந்தீர்கள் என்று சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் நகருங்கள் நகருங்கள் என்று சத்தம் போட்டார்கள், நான் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் சந்தேகம் வந்தால் பார்க்க.

ஏப்ரல் 22, செவ்வாய்

கந்தவேல் வரவில்லை. அவிநாசி ரோட்டில் மொபெட்டை லாரி தட்டிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். கடவுளே, உயிருக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

லீவு போட்டுப் போனேன். இடது கால் எலும்பு முறிவு, நெற்றியில் தையல். அவருடைய அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வா என்று கையைக் காட்டினார்கள், நல்ல மனுஷி. அவர்களுக்குத் தெரிந்தது ஆறு மணி மட்டும்தான்.

அவர்தான் என்னைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற பார்வை இல்லை. வாசலில் நான் நிற்கிறபோதே, வந்திருப்பது யார், எது என்று பார்க்கிற மாதிரி. பக்கத்தில் போனேன். அம்மாவுக்குக் காது கேட்காது, அதனால் சாதாரணக் குரலிலேயே கேட்டார்.

"அந்தச் சங்கு... ஆறுதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்களா?"

ஆறுதாங்க, பழனாயிக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. அண்ணன் சொல்லியிருக்கும், ஜெய்புன்னிசா கூடச் சொல்லியிருப்பாள்.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியாக இருக்கும் என்று அவருடைய அம்மா சொன்னார்கள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் சொல்லலை? என்ன பெரிய நேர்மை? யாருக்கு வேணும் உன்ற நேர்மை? டவுட்டு தெய்வா, டவுட்டு தெய்வா, அதையே வச்சுக் கும்புட்டுக்க.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேறு மெக்கானிக் வந்தார். தொடர்ந்து இவர்தான் வருவார் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

மே 9, வெள்ளி

ஜெய்புன்னிசாவின் கையில் இரண்டு ஜாதகத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடிதம் எதுவும் இல்லை. மன்னிக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வருகிறது என்று அவளே அழுதாள்.

பிரித்துப் பார்த்தேன். செக்கிங்காரியின் கண், வேறென்ன செய்யும். ஆறு மணி ஜாதகம் அன்று கொடுத்தபடியே இருந்தது, மடிப்பு ஒரே ஒரு தரம்தான் பிரிந்திருக்கிறது. எட்டு மணி ஜாதகம் மடிப்பில் நைந்து, மூலையில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. விரல் பட்டுப் பட்டு எண்ணெய் கறுப்பு. மெஷின் எண்ணெய். காலில் கட்டு விழுந்து படுத்ததற்கு அப்புறம் அவர் கையில் மெஷின் எண்ணெய் ஏது? அடி படுவதற்கு முன்னாலிருந்தே, எத்தனையோ தரம், வேலை நடுவில் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். டெலஸ்கோப் வைத்த அன்றும் சட்டைப் பையில் இருந்திருக்குமோ?

அவர்மேல் கோபம் இல்லை. பயப்படுகிறவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. இருபது வருஷம் நானும் மோர் குடித்தவள்தானே. ஆனால் மனசு வலிக்கிறது, ரொம்ப வலிக்கிறது.

மே 26, திங்கள்

இன்றுதான் முகூர்த்தம் குறித்திருந்த நாள். ஓவர்டைம் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

முத்தாத்தாள் வந்துவிட்டாள். தலைப் பிரசவம், தாய் இல்லாத பெண், கொமரலிங்கத்தில் அண்ணன் ஒற்றை ஆளாக என்ன செய்யும்? அத்தை வீட்டுக்குத்தான் போவேன் என்று அவளே சொன்னாளாம். என் வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம். இரண்டு தட்டு கழுவுகிறேன்.

அண்ணன் கிளம்பும்போது என் கையைப் பார்த்தது. பத்து வருஷ சர்வீசுக்குக் கம்பெனி கொடுத்த வாட்ச், ரேடியோ நேரத்துக்கு வைத்து அப்படியே ஓடுகிறது. "நேரத்தை மட்டும் சரியாப் பாத்து வை அம்மிணி. நம்ம ஊட்ல ஒருக்காத் தப்புனது போதும்" என்றது. சரி என்றேன்.

ஜூலை 5, சனி

அமெரிக்காக்காரன் விட்ட மெஷின் செவ்வாயில் பலூன் கட்டிக்கொண்டு குதித்துக் குதித்து இறங்கியிருக்கிறதாம். வாட்ச்மேன் ரேடியோவில் கேட்டு, எனக்காகவே டேபிளுக்கு வந்து சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

காலைப் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். கல்லும் மண்ணும். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கல், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடு மாதிரி. யாரும் இல்லை. யாரும் இல்லை என்று சொல்லக்கூடாது, அந்தப் படத்தில் யாரும் தெரியவில்லை. முத்தாத்தாளிடம் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய் ஜெய்புன்னிசாவைக் கூட்டி வந்தேன், அவள் நாலு பெற்றவள். ஆட்டோ பிடித்தோம். வழியில் ரயில் கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி, நின்று நின்று போகிறது. அத்தே, முடியலை அத்தே என்கிறாள் முத்தாத்தாள். ஆட்டோக்காரர் இறங்கிப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பக்கத்து டீக்கடைக்காரி இரண்டு சேலையைக் கொண்டுவந்து சுற்றிலும் பிடித்தாள். ஜெய்புன்னிசா கீழே, நான் தலைமாட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. இன்னும் கூட்ஸ் போய் முடியவில்லை, குழந்தை அழுத சத்தம் கேட்டுவிட்டது. பெண் குழந்தை.

அப்போது என் மணிக்கட்டு என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. பார்த்தேன். முள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சுகம். நர்ஸ் சீட்டில் எழுத வேண்டும், பிறந்த நேரம் என்ன என்றார். கொமரலிங்கத்திலிருந்து பஸ் மாறி மாறி மத்தியானம் வந்து சேர்ந்த அண்ணன், குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தது. "பாத்து வச்சயா அம்மிணி?"

"இல்லண்ணா, பாக்கலை" என்றேன்.

அண்ணனுக்கு வந்த கோபம். கையில் வாட்சைக் கட்டிக்கொண்டு எதைப் பார்த்தாய், பொறந்த நேரம் தெரியாத புள்ளைக்கு நாளைக்கு எந்தக் கட்டத்தை வைத்து எதை எழுதுவது என்று வராண்டாவில் நின்று சத்தம் போட்டது. பிறகு ஜெய்புன்னிசாவிடம் கேட்டது. அவள் என் வாட்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை வாங்கற அவசரத்துல எவ மணி பாத்தா, அண்ணா என்றாள். டீக்கடைக்காரியைக் கேட்கலாமா என்றது அண்ணன். கூட்ஸ் போகும்போது என்று சொல்வாள், அந்தக் கேட்டில் நாள் பூராவும் கூட்ஸ் போகும்.

பதினோரு வருஷமாகப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று இன்றைக்குத்தான் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணன் கொஞ்சம் ஆறிப்போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது. மூக்கு அம்மா மாதிரி என்றது. நான் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, துணி எடுத்து வர வீட்டுக்கு வந்தேன். பேப்பர் காலையில் விரித்த இடத்திலேயே கிடக்கிறது, கல்லும் மண்ணுமாக. மடித்துப் பழைய பேப்பரோடு பெட்டியில் வைத்தேன்.

அந்த மணியை இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை.